ஆஸ்திரேலியாவில் குடும்ப எஸ்யூவிக்கு டோ பார்: கணக்குப் பார்ப்பது, பூட்டுவது, இழுப்பது

டிரெய்லரையோ கேரவனையோ இழுக்க வண்டியின் பின்னால் பூட்டும் இரும்புச் சட்டம்தான் டோ பார். அதன் தகட்டில் ‘2000 கிலோ’ என்று அடித்திருந்தால் அது அந்த இரும்புக்கான கணக்கு மட்டுமே. வண்டிக்கு ஒரு கணக்கு, டோ பாரின் முனையில் உள்ள உருண்டைக்கு ஒரு கணக்கு, அந்த உருண்டையைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளிங்குக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக இருக்கும். இவற்றில் எது ஆகக் குறைவோ அதுதான் நீங்கள் இழுக்கக்கூடிய எடை. டோ பார் விஷயத்தில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் போல்ட்டில் தொடங்குவதில்லை, இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டுங்கள்.

எடைக் கணக்கு

கையேட்டில் ‘பிரேக் உள்ள டிரெய்லர்’, ‘பிரேக் இல்லாத டிரெய்லர்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதலாவதை. ஒரே பெயரில் ஓடும் வண்டிகளுக்குள்ளேயே இந்த எண் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். 2019-ல் வந்த தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைப்ரிடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல் வீல் டிரைவ் வகைக்கு ஆஸ்திரேலியாவில் 1,500 கிலோ. அதே ஹைப்ரிடின் இரு சக்கர இழுவை வகைக்கு வெறும் 480 கிலோ, டிரெய்லரில் பிரேக் இருந்தாலும் அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரின் ராவ்4 கேரவன் இழுக்கிறதே என்று நம்பி டோ பார் வாங்கினால் பெட்டி டிரெய்லருக்கே தடுமாற வேண்டியிருக்கும். உங்கள் வண்டியின் ஆண்டு, எஞ்சின், இழுவை வகை மூன்றையும் வைத்துத்தான் எண்ணைத் தேட வேண்டும்.

அடுத்தது ஜி.வி.எம். வண்டி, பெட்ரோல், ஆட்கள், சாமான், டோ பார், உருண்டையை அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை அது. கதவு நிலையிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். ஜி.சி.எம். என்பது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தத்தின் உச்சம். டிரெய்லர் பக்கம் ஏ.டி.எம். என்றால் வண்டியிலிருந்து கழற்றித் தனியே நிற்கும்போது சரக்கோடு அதன் உச்ச எடை. ஜி.டி.எம். என்றால் மாட்டிய பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உருண்டையை அழுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் பொதுவான நடைமுறை, டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் உருண்டையில் விழ வேண்டும் என்பது. உங்கள் வண்டிக்கான உருண்டை எடையின் உச்சமும் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் இது இழுவை எடையின் 10 சதவீதத்தைவிடக் குறைவாக இருப்பதைப் பார்க்கலாம். அங்கே உருண்டை எடையே உங்கள் எல்லையாகிவிடும்.

ஒரு குடும்பக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு பேர் அமரும் எஸ்யூவி, வெற்று எடை 2,050 கிலோ, ஜி.வி.எம். 2,700 கிலோ. ஏற்றக்கூடியது 650 கிலோ. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பம்மா: 300 கிலோ. பின்னால் பெட்டிகள், எஸ்கி (ஐஸ் பெட்டி), சமையல் சாமான்: 100. கூரைப் பெட்டியும் அதற்குள் இருப்பதும்: 60. டோ பார் மட்டுமே 35. கூட்டினால் 495. மிச்சம் 155 கிலோ. இழுக்கப்போகும் கேரவன் 1,700 கிலோ என்றால் உருண்டையில் 170. காகிதத்தில் 2,000 கிலோ இழுக்கும் வண்டி, 1,700 கிலோ கேரவனிலேயே 15 கிலோ எல்லை மீறி நிற்கிறது. இதே வண்டியின் ஜி.சி.எம். 4,200 என்று வைத்துக்கொண்டால் 2,545-ம் 1,700-ம் சேர்ந்து 4,245, அதிலும் மீறல். கூரைப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டால் இரண்டு கணக்கும் சரியாகிவிடும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் பார்ப்பதும் இதே எண்களைத்தான்.

உருண்டை பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால் இன்னொரு வேலையும் நடக்கிறது. அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர், உருண்டை பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி என்றால், உருண்டையில் 150 கிலோ வைக்கும்போது பின் அச்சில் கிட்டத்தட்ட 210 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 60 கிலோ போல எடை கழியும். முன் சக்கர இழுவை வண்டியில் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதற்கும், இரவில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்து உங்களைத் திட்டுவதற்கும் இதுதான் காரணம். எடையை முன்னச்சுக்குத் திருப்பும் ஸ்பிரிங் கம்பி ஹிட்ச் கடையில் கிடைக்கும். ஆனால் அதை மாட்டக்கூடாது என்று சில எஸ்யூவிகளின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பார்க்காமல் வாங்காதீர்கள்.

பிரேக் சட்டம் எளிது. ஒற்றை அச்சு டிரெய்லர் 750 கிலோ ஜி.டி.எம். வரை பிரேக் இல்லாமல் போகலாம். அதற்கு மேல் 2,000 வரை குறைந்தது ஒரு அச்சின் இரு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் இங்கே செல்லும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், ஓட்டுநர் இடத்திலிருந்து இயங்க வேண்டும், டிரெய்லர் பிய்ந்துபோனால் தானே பிடிக்கும் பிரேக்அவே அமைப்பும் வேண்டும்.

எந்த டோ பார்

வண்டிக் கம்பெனியின் சொந்த டோ பாரா, ஹேமன் ரீஸ் போன்ற வெளித் தயாரிப்பா என்பதில் இரும்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வயரிங்கில். டிரெய்லர் மாட்டியிருப்பதை வண்டியின் கணினிக்குச் சொல்லி, பின்பக்க சென்சாரை அமர்த்தி, டிரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதியை எழுப்புவது சில வண்டிகளில் கம்பெனி வயரிங்கில் மட்டும்தான் முழுதாக நடக்கும். வண்டி இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் கம்பெனிக்காரனுக்கே கொடுப்பது நல்லது. பத்து வருடப் பழைய வண்டிக்கு வெளித் தயாரிப்பு தாராளமாகப் போதும்.

உருண்டை நேரடியாக நிலைத்திருக்கும் வகையைவிட, 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய்க்குள், உருண்டையைத் தாங்கும் நாக்கு செருகும் வகையை வாங்குங்கள். நாக்கைக் கழற்றி வைக்கலாம். டிரெய்லரின் உயரத்துக்கு ஏற்ப ஏற்றமோ இறக்கமோ உள்ள நாக்கை மாற்றலாம். சைக்கிள் ஸ்டாண்டும் அதே குழாயில் ஏறும். அதற்கும் உருண்டை எடை வரம்பு பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். இரண்டு மின்சார சைக்கிளும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 70 கிலோவைத் தொட்டுவிடும், அதுவும் உருண்டைக்கும் பின்னால் தள்ளித் தொங்கும்.

வண்டி உடைக்கும் இடத்தில் விலை மலிவாகக் கிடைக்கும் டோ பாரை வாங்காமல் இருப்பதே உத்தமம். பின்னால் இடி வாங்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. தகடு இல்லாத டோ பார் இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு: எந்த மாடலுக்குச் செய்தது, எவ்வளவு தாங்கும் என்று அந்தத் தகடுதான் சொல்லும்.

உருண்டையில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய அளவு 50 மில்லிமீட்டர். பழைய ஆஸ்திரேலிய டிரெய்லர்களிலும் வண்டிகளிலும் 1⅞ அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர் உருண்டை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 47.6 உருண்டையின் மேல் 50 கப்ளிங் அழகாக உட்காரும், கைப்பிடியும் பூட்டும், தெருவில் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தடையில் துள்ளும்போது கழன்று விழும். உருண்டையின் தலையில் அளவும் தாங்கும் எடையும் பொறித்திருக்கும், கப்ளிங்கிலும் பொறித்திருக்கும். இரண்டையும் வாசித்துப் பாருங்கள்.

பூட்டுதல்

கையில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் ஒரு உதவியாளோடு வீட்டுக் கராஜிலேயே இரும்பு வேலையை முடிக்கலாம். வேண்டியவை: சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் சொல்லும் ஸ்பானர்), பிளாஸ்டிக் நெம்பு கருவி, ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு, மாஸ்கிங் டேப், மெல்லிய பல் உள்ள ரம்பத் தகடு, துத்தநாகப் பெயின்ட். ஜாக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஹைப்ரிட் வண்டியாக இருந்தால் அடியில் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தக் கேபிள்கள். அவற்றைத் தொடுவதும் அவற்றுக்குப் பக்கத்தில் துளை போடுவதும் கூடாது.

முதலில் பின் விளக்குகள், பிறகு பம்பர். பம்பர் பல எஸ்யூவியில் சக்கர வளைவுக்குள் இரண்டு மூன்று திருகு, டிக்கி வாயோரம் சில திருகு, அடியில் பிளாஸ்டிக் கிளிப் வரிசை, பக்கங்களில் அழுத்திப் பூட்டிய தாழ் என்று இருக்கும். பக்கத் தாழைச் சக்கர வளைவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக இழுத்தால் ஒவ்வொன்றாக விடும். குளிர்காலக் காலையில் இந்தத் தாழ்கள் படபடவென்று உடையும். கராஜில் ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்திருந்து தொடங்குங்கள், புதுக் கிளிப் பத்துப் பன்னிரண்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பம்பரை முழுதாக இழுத்துவிடும் முன் சென்சார் வயரின் பிளக்கைக் கழற்ற மறக்க வேண்டாம். பிய்ந்த பிளக்குக்கு டோ பாருக்கு நிகராகச் செலவு பிடிக்கும் வண்டிகளும் உண்டு.

உள்ளே மோதல் தாங்கும் குறுக்குச் சட்டம் தெரியும். டோ பார் கிட்டோடு வந்த தாளைப் பாருங்கள். சில கிட்டில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு டோ பாரின் குறுக்குச் சட்டம் அதே இடத்தில் உட்காரும். சிலவற்றில் பழையது அப்படியே திரும்பப் பூட்டப்படும். எடுக்கச் சொல்லாததை எடுத்துவிட்டால் பின்னால் இடி வாங்கும்போது தாங்க ஆளில்லை.

சைலன்சர் வழியில் நின்றால் அதன் ரப்பர் தொங்கல்களில் சோப்புத் தண்ணீர் விட்டு நழுவவிடுங்கள். குழாயைத் தொங்கவிடாமல் அடியில் கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள், முன்பக்கம் நெளிந்துபோகும் மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது.

டோ பாரின் பக்கக் கைகள் சேசிஸ் குழாய்க்குள்ளோ அதன் அடியிலோ போய் உட்காரும். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் தார் போன்ற அடிப்பூச்சும் மெழுகும் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இதைப் பலர் சோம்பல்பட்டு விடுவார்கள். அன்றைக்கு டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், ஆனால் வெயிலில் அந்தப் பூச்சு இளகி நசுங்கியதும் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். சுரண்டிய இடத்திலும் துளை பெரிதாக்கிய விளிம்பிலும் துத்தநாகப் பெயின்ட் அடித்துக் காயவிட்டுப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கடலோர ஊர்களில் இரண்டு குளிர்காலத்தில் துரு ஏறிவிடும்.

25 முதல் 40 கிலோ எடையுள்ள சட்டத்தை ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் எல்லா போல்ட்டையும் கை விரலால் ஏற்ற வேண்டும். எதையும் இறுக்காதீர்கள். எல்லாம் ஏறிய பிறகு இடமும் வலமும் பம்பர் விளிம்பிலிருந்து அளந்து சட்டத்தை நடுவில் வைத்து, தாளில் உள்ள வரிசையில், தாளில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் மறுபக்கத் துளைகள் பொருந்தாது. பிறகு சுத்தியலும் கடப்பாரையும்தான். ஒரு யோசனைக்காக: 8.8 தர எம்12 போல்ட்டுக்கு 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரும், 10.9 தரத்துக்கு 120-ஐ ஒட்டி. தாளில் வேறு எண் இருந்தால் தாள் சொல்வதே சரி. கிட்டோடு வந்த போல்ட்டைத் தவிர வேறு போல்ட் வேண்டாம். டோ பாரில் வெல்டிங்கும் புதுத் துளையும் கூடவே கூடாது.

பம்பரில் நாக்கு வெளிவரக் கீழ் விளிம்பை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டும் பகுதி முழுதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கிட்டில் உள்ள வார்ப்பை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பம்பரை வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் செதுக்கலாம். அதிகம் வெட்டியதை ஒட்ட வழியில்லை.

உருண்டையின் நட்டை டோ பார் தாள் சொல்லும் டார்க்கில், ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். இது பெரிய நட். சாதாரண கராஜ் ஸ்பானரில் போதுமான இறுக்கம் வராது. பூட்டிய பின் முதல் தடவை இழுத்து வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் தட்டிப் பாருங்கள்.

வயரிங்

இரும்பில் தவறு செய்தால் கண்ணுக்குத் தெரியும். வயரிங் தவறு மூன்று மாதம் கழித்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்காக வரும். இன்றைய எஸ்யூவியின் பின் விளக்குக்குப் போகும் வயரை வெட்டி டிரெய்லருக்குக் கிளை எடுப்பது பழைய காலத்துப் பழக்கம். எல்.இ.டி. விளக்குக்கான மிகச் சிறிய மின்னோட்டத்தை வண்டியின் கணினி அளந்துகொண்டே இருக்கிறது. டிரெய்லரின் குண்டு பல்பு சேர்ந்ததும் விளக்கில் கோளாறு என்று அது முடிவு கட்டும், சில வண்டிகளில் அந்த விளக்கையே அணைத்துவிடும். உங்கள் மாடலுக்கான செருகு வயரிங்கும் அதன் சிறு கணினிப் பெட்டியும் வாங்குங்கள். அது வண்டி விளக்கிலிருந்து சைகையை மட்டும் படித்துக்கொண்டு, டிரெய்லருக்கான மின்சாரத்தை பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியே தனியாக எடுக்கும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இதன் பிறகு கணினியில் டிரெய்லர் வசதியைத் திறந்துவிடும் வேலையும் உண்டு. அது கருவி உள்ளவர்களின் வேலை.

ஆஸ்திரேலியாவில் குடும்ப வண்டிகளில் மிகப் பரவலாக உள்ளது ஏழு முனைத் தட்டைப் பிளக். அதன் வரிசை இது:

1 – மஞ்சள், இடது சிக்னல்
2 – கறுப்பு, ரிவர்ஸ்
3 – வெள்ளை, எர்த்
4 – பச்சை, வலது சிக்னல்
5 – நீலம், டிரெய்லர் பிரேக்
6 – சிவப்பு, பிரேக் விளக்கு
7 – பிரவுன், பின் விளக்கும் எண் தகடு விளக்கும்

ஒரு சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சிமிட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம், வெள்ளை வயர்தான். எர்த் கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகள் வழியே திரும்பப் பார்க்கும், அதனால்தான் அந்தக் கூத்து. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சேசிஸ் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

மின்சார பிரேக் உள்ள கேரவனுக்கு ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும். ரெட்ஆர்க் டோ-ப்ரோ போன்றவற்றில் டாஷ்போர்டில் தெரிவது ஒரு குமிழ் மட்டுமே, பெட்டி உள்ளே மறைந்திருக்கும். நீல வயரைத் தடிப்பான கேபிளில் இழுங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் வழியிலேயே விழுந்து, எவ்வளவு திருப்பினாலும் பிரேக் பிடிக்காது. பூட்டியதும் ஆளில்லாத சமதளத் தெருவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பார்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுக் கீழே குமிழை வையுங்கள். சரக்கு மாறினால் இந்த அளவும் மாறும்.

மாட்டுதல்

டிரெய்லர் சக்கரத்துக்கு அடைகல் வைத்து, உருண்டைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, கப்ளிங்கை நேர் மேலே கொண்டுவந்து, டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி இறக்குங்கள். கைப்பிடி பூட்டியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு: ஜாக்கி சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். கப்ளிங் மட்டும் எழும்பினால் அது உருண்டையைக் கவ்வவில்லை.

பிறகு சங்கிலி. 2,500 கிலோ வரை ஒன்று கட்டாயம், அதற்கு மேல் இரண்டு. இரண்டு இருந்தால் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளிங் கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். வளைவில் திரும்ப இடம் விட்டு, தரையில் உரசாத அளவு தொங்கட்டும். சங்கிலியை டோ பாரில் கோக்கத் தாங்கும் எடை பொறித்த டி-ஷாக்கிள் மட்டுமே போடுங்கள். கடையில் ஒன்றிரண்டு டாலருக்குத் தொங்கும் பொறிப்பில்லாத ஷாக்கிள் நாய்ச்சங்கிலிக்குச் சரி.

பிளக்கைச் செருகி, ஒருவரைப் பின்னால் நிறுத்தி, இடது, வலது, பிரேக், பின் விளக்கு, ரிவர்ஸ் என்று பாருங்கள். பிரேக்அவே கம்பி இருந்தால் டோ பாரில் கொளுவுங்கள், நாக்கிலோ உருண்டையின் கழுத்திலோ வேண்டாம். நாக்கே கழன்றால் அது பயன்படாது. ஜாக்கி சக்கரத்தைக் கழற்றி வண்டிக்குள் போடுங்கள். கடைசியாக டிரெய்லரின் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். அதை விடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி டிரம்மைக் கருக்குபவர்கள் வார இறுதிதோறும் உண்டு.

சரக்கு

வாடகைக்கு எடுக்கும் 6க்கு 4 அடி பெட்டி டிரெய்லர் பார்க்கச் சின்னதாக இருக்கும். அதன் ஏ.டி.எம். பெரும்பாலும் 750, வெற்று எடை 200-ஐ ஒட்டி. ஏற்றக்கூடியது சுமார் 550 கிலோ. ஓர் அடி உயரப் பக்கத்தோடு விளிம்பு வரை நிரப்பினால் முக்கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஈர மணல் கன மீட்டருக்கு 1,800 கிலோவுக்கு மேல் வரும். விளிம்பு வரை மணல் போட்டால் ஒரு டன்னுக்கு மேல். தோட்ட மண்ணும் ஏறத்தாழ இப்படித்தான், மரத்தூள் மட்டும் தாராளமாகப் போடலாம். மணல் கடையில் பொக்லைனில் அள்ளிப் போடுபவர் உங்கள் கணக்கைப் பார்க்க மாட்டார். அரைப் பெட்டியில் கையைக் காட்டி நிறுத்துவது உங்கள் வேலை, மணலாக இருந்தால் அதற்கும் முன்னால்.

கனமானதை அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும் வையுங்கள். பின்முனையில் கனம் வைத்தால் உருண்டையில் எடை குறையும், மூக்கு இலேசாகும், 80 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

உருண்டை எடையைக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனைக்கு அடியில் குழாயும், அங்கிருந்து 90 சென்டிமீட்டரில் தராசும் வையுங்கள். பலகையை மட்டும் வைத்துத் தராசு காட்டுவதைக் குறித்துக்கொண்டு, குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். கூடிய எண்ணை மூன்றால் பெருக்கினால் உருண்டை எடை. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்கு அடைகல் இருக்க வேண்டும்.

டயர்களில், குறிப்பாகப் பின் டயரில், இழுக்கும்போது வைக்க வேண்டிய காற்றழுத்தம் கதவு நிலைத் தகட்டிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும். டிரெய்லர் டயர் தேய்மானத்தால் அல்ல, வயதால் வெடிக்கும். பக்கச் சுவரில் வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஓட்டுதல்

நிற்க எடுக்கும் தூரம் கூடும், முந்திச் செல்ல எடுக்கும் தூரம் அதைவிடக் கூடும். இரண்டையும் முன்கூட்டியே யோசித்து ஓட்டினால் மற்றதெல்லாம் பழகிவிடும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 7.5 மீட்டரைத் தொட்டால் நீங்கள் ‘நீள வாகனம்’. ஊருக்கு வெளியே இன்னொரு நீள வாகனத்துக்குப் பின்னால் குறைந்தது 60 மீட்டர் விட வேண்டும். வேக வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூ சவுத் வேல்ஸில் ஜி.சி.எம். 4.5 டன்னைத் தாண்டினால் 100-தான் உச்சம். டிரெய்லருக்குள் ஆட்களை ஏற்றக்கூடாது. கேரவனுக்குள் படுத்துக்கொண்டு வருவதும் அதில் அடங்கும்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே போகாதீர்கள். சிட்னித் தமிழர்களுக்குப் பழக்கமான இடத்தைச் சொன்னால், ஹெலன்ஸ்பர்க் கோயிலைத் தாண்டி வலங்காங்குக்கு இறங்கும் மவுண்ட் ஓஸ்லி. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே இறக்கி எஞ்சினைப் பிடிக்கவிட்டு, பிரேக்கை இடைவெளி விட்டு அழுத்துங்கள். தொடர்ந்து அழுத்தினால் சூடேறி, கீழே சேரும்போது மிதி பஞ்சு போல் இறங்கும். ஏற்றத்தில் சி.வி.டி. (படியில்லாத) கியர்பெட்டி உள்ள வண்டிகள் சூடாகித் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போது மல்லுக்கட்டாமல் ஓரம் கட்டி எஞ்சினை ஓடவிட்டே ஆறவிடுங்கள்.

டிரெய்லர் வாலாட்டினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டத்தைத் திருத்த முயலாமல் வேகம் தானே இறங்க விடுங்கள். பிரேக் கன்ட்ரோலர் இருந்தால் அதன் கை விசையை மெல்ல அழுத்துங்கள். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து, பின்னாலிருந்து கயிற்றை இழுத்தது போல் வரிசை நேராகும். அதற்குப் பிறகு அதே வேகத்துக்குப் போகாமல் நிறுத்திச் சரக்கை மாற்றி அடுக்குங்கள், காரணம் அங்கேதான் இருக்கும்.

ரிவர்ஸ் எடுக்க, ஒரு கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் 6 மணி இடத்தில் வையுங்கள். டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் நகர்த்துங்கள், வலப்பக்கமென்றால் வலப்பக்கம். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பி அதன் பின்னால் வண்டியைக் கொண்டுபோங்கள். இந்த இரண்டாவது அசைவைத் தாமதித்தால் வண்டியும் டிரெய்லரும் மடிந்து பம்பர் மூலை நொறுங்கும். கோணம் கைமீறுகிறது என்று தோன்றியதும் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சின்னப் பெட்டி டிரெய்லரைவிட நீளமான கேரவன் ரிவர்ஸில் நிதானமாகத் திரும்பும் என்பதால், டிரெய்லரில் திணறியவர்கள் கேரவனைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படகு டிரெய்லரென்றால் தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான பல்பு குளிர்ந்த உப்புத் தண்ணீரில் வெடிக்கும், வண்டியின் ஃப்யூஸையும் கூட்டிக்கொண்டு போகும். திரும்பி வந்ததும் சக்கரம், பிரேக், கப்ளிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இழுக்காத நாட்களில்

நாக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எண் தகட்டை மறைக்கும் உருண்டைக்கும், நடப்பவர்களின் முழங்காலில் இடிக்கும்படி துருத்தி நிற்கும் நாக்குக்கும் அபராதம் போடலாம். கார் பார்க்கில் அதில் முதலில் இடித்துக்கொள்வது பெரும்பாலும் உங்கள் முழங்கால்தான். சதுரக் குழாய்க்கு ரப்பர் மூடி போடுங்கள், உள்ளே மணலும் தண்ணீரும் சேர்ந்தால் நாக்கு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிளக்கின் மூடி சாத்தியிருக்கிறதா என்று வண்டி கழுவும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். டோ பார் பூட்டியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலில் தெரிவித்து, அவர்களின் பதிலையும் டோ பார் ரசீதையும் கிட்டோடு வந்த தாளையும் ஒன்றாக வண்டியின் கையேட்டு உறைக்குள் வையுங்கள்.